டேபிள் ஃபேன் பார்த்த திசை

வீட்டு பிளான் வரைந்தே காலத்தை ஓட்டியவர் அவர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய கனத்த கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்தார். ஒரு வீட்டின் முழுப் படத்தைத் திரையில் காட்ட அது ஒரு பகலையே விழுங்கியது. மனுஷர் சும்மா இருப்பாரா? செட்டிங்ஸுக்குள் புகுந்து பிராசஸரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். படம் பாதி நேரத்தில் வந்தது. கூடவே சூடும் வந்து, மத்தியானமானால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தார். அதே அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"கட்டினவ இங்க வேர்த்துக் கொட்டுறேன், அந்தத் தகர டப்பாவுக்குக் காத்தா?"

"இந்த ஒரு பிளான் மட்டும் முடியட்டும்மா."

அந்த ஒரு பிளான் முடியவே இல்லை. மகளின் படிப்பும் கல்யாணமும் அந்தச் சூட்டில்தான் நடந்தேறின.

போன வாரம், கண் ஒத்துழைக்கவில்லை என்று தொழிலை விட்டார். முதல் வேலையாகப் பிராசஸரைப் பழைய வேகத்துக்கே இறக்கினார். பிறகு ஏதோ பெரிய கடனை அடைப்பதுபோல ஃபேனை மனைவி பக்கம் திருப்பிவைத்தார்.

அவள் தையலை நிறுத்தி இரண்டு நிமிஷம் கண்மூடிக் காற்று வாங்கினாள். அப்புறம் எழுந்துபோய் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கமே திருப்பினாள்.

"எனக்கு வேர்வை பழகிப்போச்சு. அதுக்குப் பழக்கமில்ல, பாவம்."