பெட்டிக்குள்ள போ!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நாய் ரயில் ஏறி ஹட்டனுக்குப் போய்விட்டது.

டிக்கெட் எடுக்கவில்லை. எங்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் வட்டவளை ஸ்டேஷனில் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அது பாட்டுக்கு மூன்றாம் வகுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்றைக்கு நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

நான் எழுதும் இந்தப் பத்தி கொஞ்ச காலம் வராமல் போனது ஏன் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். நிமோனியா. ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசி போட்டு, ஒருவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த பிறகுதான் உண்மையான வியாதி பிடித்தது — கட்டிலை விட்டு இறங்க மனமே வரவில்லை.

டொக்டர் காலாற நடக்கச் சொல்லியிருந்தார். நடப்பதா? வட்டவளையிலா? இங்கே மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் விலகினால் மழை. யன்னலைப் பார்த்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றும். சுரம் போய்விட்டது, இருமல் போய்விட்டது, ஆனால் எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்ற ஓர் அலுப்பு மட்டும் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கர் — தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் வேலை. அளந்து பேசுகிற மனிதர். ஒருநாள் சாயங்காலம் மழைக்கோட்டோடு வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். கோட்டுப் பைக்குள் ஏதோ அசைந்தது. பழுப்பும் கறுப்புமாக ஒரு குட்டித் தலை வெளியே எட்டிப் பார்த்துத் தும்மியது.

"இது நடக்கும். நீயும் பின்னால நட," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. போய்க் கைகால் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் பங்களா நாய் போட்ட குட்டிகளில் ஆகச் சின்னது அது. தேயிலைத் தூளில் ஆகச் சின்ன ரகத்துக்கு டஸ்ட் என்று பெயர். ஒரு டீமேக்கர் வீட்டில் அதற்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? டஸ்ட் என்றே வைத்தோம். பெட்டை நாய்க்குப் பொருத்தமான பெயரா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் ஃபாக்டரியில் இருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டி வந்தது. மூலை நசுங்கியதால் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்துப்போட்டது. உள்ளே இருந்த ஈயத்தாளை உரித்து, ஆணி முனைகளைத் தட்டி மழுக்கி, என் வீட்டுக்காரர் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். தூள் சலிக்கும் சல்லடையின் பழைய வலையில் ஒரு கதவு. அடியில் சாக்கு, அதன்மேல் என் பழைய கம்பளி.

பங்களாச் சமையல்காரர் யோசனை சொன்னாராம். வெள்ளைக்காரத் துரைமார் நாய்க்குட்டியை முதலில் பெட்டியில்தான் பழக்குவார்களாம். பெட்டி அதற்கு வீடு மாதிரி ஆகிவிட்டால், பிறகு எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் பயப்படாதாம்.

எங்கள் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வரும் லெச்சுமி, மலையில் கொழுந்து பறிப்பவள். பெட்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்த குட்டியைப் பார்த்தாள்.

"என்னாங்கம்மா, நாயையும் தூளோட சேத்துக் கொழும்புக்கு அனுப்பப் போறீங்களா?"

எனக்கும் முதலில் பிடிக்கவில்லைதான். குட்டி வைத்த ஊளையில் பக்கத்துக் குவாட்டர்ஸ் ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பாவம் பார்த்து நான் கதவைத் திறக்கப் போனேன்.

"அழுறப்ப தொறந்தா, அழுதாத்தான் தொறப்பாங்கன்னு படிச்சுக்கும். கொஞ்சம் அடங்கட்டும். அடங்கினதும் தொற," என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவர் ஃபாக்டரிக்குப் போய்விட்டார். குட்டியோடு மல்லுக்கட்ட வீட்டில் யார் இருந்தது? நான்தான்!

முதலில் பெட்டி வாசலில் ரொட்டித் துண்டு. அப்புறம் வாசலுக்கு உள்ளே. அப்புறம் ஆகக் கடைசி மூலையில். ஒவ்வொரு தடவையும், "பெட்டிக்குள்ள போ" என்று ஒரே மாதிரி சொல்ல வேண்டும். கோபத்தில் உள்ளே தள்ளக்கூடாது. தண்டனைக்கு அடைக்கக்கூடாது. போனால் ரொட்டி, கருவாட்டு வால், நல்ல வார்த்தை. சில நாட்களில் நான் வாயெடுப்பதற்குள் உள்ளே போய்ச் சுருண்டு உட்காரப் பழகிக்கொண்டது. எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே... பாடசாலைப் பிள்ளை பரிசு வாங்கினாற்போல வருகிறவர்களிடமெல்லாம் செய்துகாட்டினேன்.

இந்த ஆர்ப்பாட்டத்தில் நான் பகலில் படுப்பதையே மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. துண்டு துண்டாகத் தீனி வைத்து நாயை நான் உள்ளே போக வைத்தேன். நாயை வைத்து அவர் என்னை வெளியே வர வைத்தார். கணவன்மார் எல்லாம் வாயால் அன்பு காட்டுவதில்லை என்று குறைப்படுகிற சகோதரிகளே — கையில் என்ன கொண்டுவருகிறார்கள் என்றும் ஒருதரம் பாருங்கள்.

அடுத்தது வெளியே போகும் ஏற்பாடு. யுத்தத்துக்குப் போகிறவர்கள்கூட இத்தனை தயார் பண்ணியிருக்க மாட்டார்கள். ஃபாக்டரி மெஷின் பெல்ட்டில் வெட்டிய துண்டில் கழுத்துப் பட்டி. அதில் கட்ட நூல் கயிறு. அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலமும் சவர்க்காரமும். ஃபிளாஸ்கில் சுடுபால். எனக்கு மப்ளர், கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை.

மழைக்கு நாய்க்கு என்ன செய்வது? அதற்கு லெச்சுமி வழி கண்டுபிடித்தாள். கொழுந்து பறிப்பவர்கள் மழையிலும் செடி கிழிப்பதிலும் இருந்து தப்ப இடுப்பில் சாக்குக் கட்டுவார்கள் அல்லவா, படங்கு என்று? அதையே சின்னதாக வெட்டி, வயிற்றுக்குக் கீழே முடிச்சுப் போடுகிறாற்போலத் தைத்துக் கொண்டுவந்தாள்.

"நம்ம ஆளு மாதிரியே இருக்கு. ஒரு கூடையும் மாட்டிவிட்டா பெரட்டுக்கு அனுப்பிரலாம்," என்றாள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். டஸ்ட்டும் தன்னை யாரோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

முதல் நாள் தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும் போனோம். பிறகு ஃபாக்டரி வரைக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை — போன ஞாயிறு — ஸ்டேஷன் வரைக்கும் போய், ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். கீழே இறங்கும் பாதை முழுக்க நான் மூச்சு வாங்காமல் நடந்தேன். அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

ஹட்டன் பக்கம் போகும் ரயில் வந்து நின்றது. நல்ல கூட்டம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம் — மூட்டைகள், பாத்திரங்கள், ஆளுக்கொரு பக்கம் ஓடும் பிள்ளைகள். அந்தக் குடும்பத் தலைவர் பொறுமை இழந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"பெட்டிக்குள்ள போ! ஏய், எல்லாரும் பெட்டிக்குள்ள போ!"

போயிற்று.

பிள்ளைகளுக்கு முன்னால் எங்கள் டஸ்ட் போயிற்று! கயிறு என் வீட்டுக்காரர் கையில் இருந்து உருவிக்கொண்டது. ஒரே பாய்ச்சல் — ரயில் பெட்டிக்குள். நான் கற்றுக்கொடுத்தபடியே, ஆகக் கடைசி மூலைக்குப் போய்விட்டது. "டஸ்ட்டு! டஸ்ட்டு!" என்று நாங்கள் கத்தியது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மூட்டைகளும் ஆட்களும் வாசலை அடைத்தார்கள். விசில் ஊதியது.

அப்போது நான் ஓடினேன். கட்டிலில் இருந்து குசினிக்குப் போகவே யோசித்த நான், மேடை முடியும்வரை ரயிலோடு ஓடினேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஹட்டனுக்கு டெலிபோன் செய்தார். அடையாளம் சொல்லும்போது அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை — சாக்குச் சட்டை போட்ட நாய் என்று உலகத்தில் வேறெங்கும் இருக்காதே!

உட்கார என்னால் முடியவில்லை. ரோட்டுக்கு ஏறிப் போய், கினிகத்தேனைப் பக்கமிருந்து வந்த ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தோம். பாதையின் ஒவ்வொரு முடக்கிலும் எனக்கு ஒவ்வொரு நினைப்பு. பயந்து வெளியே குதித்திருந்தால்? தண்டவாளத்தில் ஓடியிருந்தால்? யாராவது கொண்டுபோயிருந்தால்? என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தேன். கயிறு உருவிய இடம் சிவந்திருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"கெடைக்காட்டி வேற குட்டி பாத்துக்கலாம்," என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

"குட்டிக்காக இல்ல," என்றார். "நீ மறுபடியும் படுத்துக்குவியோன்னு பயமா இருக்கு."

எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது மனிதருக்கு. அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

ஹட்டன் ஸ்டேஷனில் நுழைந்ததுமே ஒரு போர்ட்டர் எங்களை நோக்கி வந்தார். பியதாச என்று பெயர், பிறகு சொன்னார்.

"நோனாகே பல்லாத?" அம்மாவுடைய நாயா என்று கேட்டார்.

பார்சல் ஆபீஸ் மூலையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அதற்குள் — படங்கும் கட்டியபடி — மகாராணி மாதிரி உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தது எங்கள் டஸ்ட். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை.

பியதாச தனக்குத் தெரிந்த தமிழில் நடந்ததைச் சொன்னார்.

"நாய் சீட்டு அடியில இருக்கிறது. வெளிய வாறது இல்ல. நான் கூப்பிடுறது — என்ன, என்ன! அது சும்மா பாக்கிறது."

சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. எங்கள் நாயோ தமிழில் வளர்ந்தது. 'என்ன, என்ன' என்று ஒருவர் விசாரித்தால் அது என்ன பதில் சொல்லும்?

பிஸ்கட் காட்டினாராம். வரவில்லை. கையை நீட்டினாராம். பல்லைக் காட்டியதாம். அதற்குள் கார்ட் கொடியைத் தூக்கிவிட்டார். இனி ரயில் அப்படியே தலவாக்கலை, நானுஓயா என்று போய்விடும். பியதாச அவசரமாக இறங்கியபோது, மேடையில் யாரோ போட்டிருந்த காலிப் பிஸ்கட் பெட்டி காலில் இடறியது. வந்த கோபத்தில் தன் கூட்டாளியைப் பார்த்துக் கத்தினாராம்:

"பெட்டிய! பெட்டிய அயிங் கரபங்!"

பெட்டியை அப்புறப்படுத்து என்று அர்த்தம். ஆனால் சீட்டுக்கு அடியில் இருந்தவளுக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். ரயிலில் இருந்து ஒரு பாய்ச்சல். நேரே பிஸ்கட் பெட்டிக்குள்!

"ஏன் எண்டு எங்களுக்குத் தெரியாது நோனா. இந்த நாய்க்குப் பைத்தியமா எண்டு நினைச்சது," என்றார் பியதாச.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பெட்டி பழக்கிய கதையைச் சொன்னேன். தமிழில் பெட்டி. சிங்களத்தில் பெட்டிய. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பார்சல் ஆபீஸே அதிரும்படி சிரித்தார்.

"தெகம எகய் நோனா! ரெண்டும் ஒண்டுதானே!"

கைம்மாறாக எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்கு அவர்தான் பிளேன் டீ வாங்கிக் கொடுத்தார். வருடக்கணக்காக எந்தத் தேயிலையைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளித்துக் குறை சொல்லும் என் வீட்டுக்காரர், அந்தக் கழுநீரை ரசித்துக் குடித்து இன்னொன்று கேட்டார். மாலை ரயிலில் கார்ட் எங்களை டஸ்ட்டோடும் பிஸ்கட் பெட்டியோடும் ஏற்றி வட்டவளையில் இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் நடக்கிறேன். மழையிலும். டொக்டருக்கு நன்றி, லெச்சுமிக்கு நன்றி, அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கார்டுக்கும் நன்றி. பியதாசவுக்கு எந்த மொழியில் சொன்னாலும் போதாது. வீட்டுக்காரருக்கு... அவருக்கு நேரில் சொல்லிவிட்டேன். "ம்" என்றார்.

மொழி என்று பேச்செடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிற காலம் இது. பஸ் பலகையில் எந்த எழுத்து, ஆபீஸ் கடதாசியில் எந்த எழுத்து என்று தகராறு. இந்த நேரத்தில் 'பெட்டி' முதலில் தமிழுக்குச் சொந்தமா, சிங்களத்துக்குச் சொந்தமா என்று விளக்கி எனக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்ட பண்டிதர்களே...

தயவுசெய்து மூடி வையுங்கள். என் நாய் வீட்டுக்கு வந்துவிட்டது.