வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்

டீ கிளாஸ் கைக்கு வந்ததும் ரத்தினவேல் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கிறார். அப்புறம்தான் வாயில் வைக்கிறார். சாப்பாட்டுத் தட்டு, பஸ் ஜன்னல் கம்பி, மகளின் ஜாமெட்ரி பாக்ஸ், எதுவானாலும் முதலில் போவது அந்தக் கட்டைவிரல்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினாறு வருடமாகத் தகடு வெட்டும் மெஷினில் நிற்கிறவர். வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவித் தடவி விரலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. "கண்ணு ஏமாத்தும் சார், வெரலு ஏமாத்தாது" என்பார். நாற்பத்திரண்டு வயதில் பத்து விரலும் முழுசாக இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பிரஸ் மெஷினில் நிற்பவர்களுக்கு அது லேசான காரியம் இல்லை.

நான் அதே கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எப்போது வந்தார்கள், யார் ஏன் வரவில்லை என்பதெல்லாம் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். வேலை அப்படி, எனக்கு வம்பும் பிடிக்கும். போன வருடம் வரை செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தினவேலின் லீவ் லெட்டர் ஒன்று என் மேஜையில் கிடக்கும். "கிணற்று மோட்டார் பழுதாகிவிட்டபடியால் நேற்று வர இயலவில்லை." பாகலூர் ரோட்டில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவருக்கு ஏது கிணறு? கேட்டேவிட்டேன். "அரூர்ல எங்க மாமனாருக்கு இருக்குதுங்க" என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். மாமனாரின் மோட்டார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புகைந்துபோகும் அதிசயத்தை நான் மேற்கொண்டு கிளறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

குடிக்காத நேரத்தில் பசு மாதிரி ஆள். சூப்பர்வைசரிடம் தெலுங்கு, கறிக்கடையில் கன்னடம், வீட்டில் தர்மபுரித் தமிழ் என்று இடத்துக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிப் பேசுவார். மூன்றிலும் குரல் உயராது. குடித்தாலும் அடிதடி, ரகளை எதுவும் கிடையாது. விழுந்து கிடப்பார், அவ்வளவுதான். "அடிச்சிருந்தாக்கூட எங்கண்ணனக் கூட்டியாந்து கேட்டுருப்பன் சார். விழுந்து கெடக்கற மனுசன என்னான்னு கேக்கறது?" என்று அவர் மனைவி ஜெயமணி ஒருமுறை என்னிடம் கேட்டார்.

வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் கம்பெனி எங்களைக் குடும்பத்தோடு டூர் கூட்டிப்போகும். 2006இல் பெங்களூரைத் தாண்டி ஒரு தண்ணீர் பார்க். சறுக்குமரம், செயற்கை மழை, அலையடிக்கும் குளம் எல்லாம் அங்கே உண்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பஸ் நிற்கிற இடத்தில்தான் மதியம் பந்தி. பந்திக்கு மறுபக்கம், பஸ்ஸின் மறைவில், கடைசி சீட்டுக்காரர்களின் பந்தி தனியாக நடக்கும். அந்த வருடம் ரத்தினவேல் அதில் உட்கார்ந்து எழுந்து, நேராகப் போய் அலைக் குளத்தில் இறங்கினார். சைரன் ஊதியது, முதல் அலை வந்தது, முழங்கால் ஆழத் தண்ணீரில் மஞ்சள் பனியனோடு மனிதர் விழுந்து எழ முடியாமல் உருண்டார். காவலுக்கு நின்றவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். மஞ்சள் பனியன்காரர் இனித் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மைக்கில் கன்னடத்தில் சொன்னார்கள். எங்கள் கம்பெனி மொத்தமும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மகள் சத்யப்ரியாவுக்கு அப்போது எட்டு வயது. அந்தக் குழந்தை சிரிக்கவில்லை. மார்பு வரை ஏறிக் கிடந்த அப்பாவின் பனியனைக் கீழே இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை ஜெயமணி அவரைக் கெலமங்கலம் ரோட்டில் இருக்கும் முனியப்பன் கோயிலுக்கு இழுத்துப் போனார். குடியை நிறுத்த அங்கே கயிறு கட்டுவார்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு சொல்லி, எலுமிச்சம்பழம் வெட்டி, வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. கயிறு கையில் இருக்கும்போது குடியைத் தொட்டால் ரத்த வாந்திதான் என்று பேச்சு. கெடு முடிந்ததும் போய் அவிழ்த்துக்கொள்ளலாம், வேண்டுமானால் புதுசு கட்டிக்கொள்ளலாம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் பூசாரி கட்டுவார். ஜெயமணி யோசிக்கவே இல்லை, ஒரு வருடம் என்று சொல்லிவிட்டார்.

அதோடு மாமனாரின் மோட்டாரும் சரியாகிவிட்டது. ஒரு வருடம், ஒரு திங்கட்கிழமை லீவ் கிடையாது. கேன்டீனில் ஆளாளுக்கு அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்தக் கோயில், எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். ரத்தினவேல் வழி சொல்லி அனுப்புவார். ஒருநாள் என்னிடம் மட்டும் ஒரு குறை சொன்னார்.

"எல்லாரும் நல்ல கயிறுங்கறாங்க சார். நல்ல ஆளுன்னு ஒருத்தரும் சொல்லல."

இந்த வருடமும் அதே பார்க்தான், கம்பெனியில் ஆடிட் வந்து டூர் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வழக்கமான தேதியில் நடந்திருந்தால் கயிறு கையில் இருந்திருக்கும். இப்போது டூருக்கு முந்தின வெள்ளிக்கிழமையே கெடு முடிந்துவிட்டது. அன்று காலை புருசனும் பெண்சாதியுமாகப் போய்ப் பழைய கயிற்றை அவிழ்த்தார்கள். பூசாரி புதுக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். ரத்தினவேல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "செவ்வாக்கெழம வரன் சாமி" என்று சொல்லி எழுந்துவிட்டாராம்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் ஜெயமணி கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவர், புடவையில் நூல் பிசிறெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டூர் லிஸ்ட்டுல எங்க பேர அடிச்சிடுங்க சார்."

செய்தி போய் ரத்தினவேலும் ஷாப்பிலிருந்து வந்துவிட்டார். என் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். நான் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழமையே கட்டிக்கினா என்னாங்க? கையி தேஞ்சா போயிடும்?"

"ஒரு வருசமா நிறுத்துனது கயிறா, நானான்னு எனக்குத் தெரிய வேணாமா ஜெயமணி? நடுவுல நாலு நாளு சும்மா இருந்து பாக்கறன்."

"பாக்கறதுக்கு டூரு நாளுதான் கெடச்சிதா?"

"வூட்டுல குந்திக்கினு பாத்தா அது ஒரு பரீட்சையா? மெஷின்ல சென்சார ஆஃப் பண்ணிட்டு ஓட்டுனாத்தான் கை எங்க நிக்குதுன்னு ஆபரேட்டருக்கே தெரியும்."

"ஆஃப் பண்ணிட்டு ஓட்டுனவங்க வெரலு எங்க கெடக்குதுன்னும் உங்களுக்குத் தெரியும்" என்றார் ஜெயமணி.

எங்கள் ஷாப்பில் கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற அந்த சென்சாரைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. ரத்தினவேல் ஷாப்புக்குத் திரும்பிப் போய்விட்டார். ஜெயமணி என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கி ஒருக்கா தொட்டுட்டாருன்னா, செவ்வாக்கெழம எந்த மூஞ்ச வச்சிக்கினு போயிக் கட்டுவாரு? வெக்கப்பட்டுக்கினே போவ மாட்டாரு சார். அதோட போச்சி. ஒரு வருசம் நிம்மதியாத் தூங்கிட்டன் நானு. இனிமே என்னால பழசு மாதிரி இருக்க முடியாது."

பேரை அடிக்கவா என்று கேட்டேன். தண்ணீரில் போட வாங்கிய நைலான் டிரஸ்ஸை ஒரு வாரமாகக் கொடியில் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள் மகள், அவளிடம் என்ன சொல்ல என்று முணுமுணுத்துவிட்டு, "இருக்கட்டும் வுடுங்க" என்று போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி வரை இதே நினைப்புதான். மனிதர் குடிக்கக் கூடாதே என்ற கவலை பாதி, என்ன செய்வார் பார்ப்போம் என்ற ஆவல் பாதி.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ரத்தினவேல் குடும்பத்தோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அத்திப்பள்ளி தாண்டி டீக்கு நிறுத்தியபோது கடைசி சீட் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பையோடு திரும்பினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பூபதி, வெல்டிங் செக்‌ஷன். கெட்டவர் இல்லை, தன்னிடம் இருப்பதை யாருக்கும் கொடுக்காமல் சாப்பிடத் தெரியாத ஆள், அதுதான் தொந்தரவே. "ரத்னண்ணா, இன்னிக்கி கையி ஃப்ரீதான?" என்று பின்னாலிருந்து கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ரத்தினவேல் வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு வருட வெயிலில் கயிறு கட்டிய இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஜெயமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பார்க்கில் புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. அங்கே வாடகைக்குத் தருகிற நீச்சல் உடையைப் போட மாட்டேன் என்று ஜெயமணி சொல்லிவிட்டார். ஐந்தாறு பெண்களோடு சிமென்ட் பெஞ்சில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் மகளும் காலை முழுக்கத் தண்ணீரில் கிடந்தார்கள். அலைக் குளத்தில் சைரன் ஊதும்போதெல்லாம் அந்தப் பெண் அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பயந்து பிடித்தாளா, அப்பா விழாமல் இருக்கப் பிடித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதியம் பஸ் பக்கம் வந்தோம். நிழலில் அண்டாவைத் திறந்து பிரியாணி, தயிர்சாதம். பரிமாற ஜெயமணி முன்னால் நின்றுவிட்டார். மறுபக்கம் பூபதி பேப்பர் கப்புகளை வரிசையாக வைத்து ஊற்றினார். ஒன்றை எடுத்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்த ரத்தினவேலிடம் நீட்டினார்.

ரத்தினவேல் வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கப்பை இரண்டு கையாலும் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். மனிதருக்கு மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. ஒருமுறை கப் வாய் வரைக்கும் போனது. அடப்பாவி மனுசா என்று எனக்குள் ஏதோ ஒன்று கத்தியது. கப் திரும்பிக் கீழே வந்தது. பூபதி, "சீக்கிரம் அடிண்ணா, சூடாவுது" என்றார். அந்தப் பக்கம் ஜெயமணி ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை. ஆனால் யாரோ ஒருவர் தட்டில் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆள், "போதும்மா, போதும்மா" என்று தட்டை இழுத்துக்கொண்டு ஓடினார். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

ரத்தினவேல் எழுந்தார். கப்பைச் சிந்தாமல் கொண்டுபோய்ப் பூபதியின் முன்னால் வைத்தார்.

"நீயே எடுத்துக்க பூபதி."

"ஏண்ணா? கயிறுதான் இல்லியே இப்ப?"

"இல்லாததாலதான்டா பாத்தன்."

திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்தார், குரல் மட்டும் உடைந்து வந்தது.

"ஆச போவுல சார். அப்பிடியேதான் இருக்குது. நாக்கெல்லாம் ஊறுது. ஆனா கயிறு இல்லாமயும் கையி நிக்குது."

"அப்ப செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போக வேண்டியதில்லை, அப்படித்தானே?" என்று கேட்டேன்.

"அய்யோ, போவாம? இன்னிக்கி நின்னுச்சி சார். நாளைக்கி நிக்குமான்னு யாரு கண்டா?"

பந்தி முடிந்து, ஜெயமணி அப்போதுதான் தனக்கு ஒரு தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரத்தினவேல் நேராக அங்கே போனார். ஒரு வருடமாக அவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் ஒரு சோதனை உண்டு என்று லைன் வீட்டுக்காரர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் குனிந்து வாயைத் திறந்து ஊத வேண்டும், ஜெயமணி மோந்து பார்த்த பிறகே உள்ளே வழி விடுவார். கயிறு கட்டியிருந்த நாளிலும் அது நிற்கவில்லையாம். இப்போது அத்தனை பேர் பார்க்க, கம்பெனி பஸ் பக்கத்தில், மனிதர் மனைவிக்கு முன்னால் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து, 'ஆ' என்று வாயைத் திறந்தார்.

ஜெயமணி அந்தத் திறந்த வாயைப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோகவில்லை. தட்டிலிருந்த தயிர்சாதத்தில் ஒரு கவளம் உருட்டி, ஊறுகாயைத் தொட்டு, அந்த வாயில் வைத்தார்.