ஓட்டைக்கு மேல் ஒரு பூ

துணியில் பூ ஒட்டுகிறவனிடம் பூவுக்காக யாரும் வருவதில்லை, ஓட்டைக்காகத்தான் வருவார்கள்.

பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், ராவுத்தர் துணிக்கடை வாசலில் உட்கார்ந்து தைத்தவன் நான். கடைகளுக்கு முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடந்து போகக் கூரை போட்ட பாதை விட்டிருப்பார்களே, அந்த அஞ்சடியில் ஒரு முக்காலி, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான் என் கடை. பட்டுநூலால் ரோஜா, மல்லிகை, அரளி என்று தனித்தனியாகத் தைத்து, ஓரம் கட்டி, வெட்டியெடுத்துப் பெட்டியில் வைத்திருப்பேன். சேலை, சட்டை, பை எதைக் கொண்டுவந்தாலும் கேட்ட இடத்தில் ஒட்டித் தைத்துக் கொடுப்பேன். ஒட்டுப்பூ என்று அதற்குப் பேர். கேட்ட இடத்தில் என்றேனே, அங்கேதான் நம் கஷ்டமே ஆரம்பிக்கிறது. தையற்காரர், தட்டார், வெளுப்பவர், முடிவெட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி, வாடிக்கைக்காரர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க" என்று சொல்லியிருந்தால் நீங்கள் என் கூட்டாளி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கிராணியின் சேலை

ஒருநாள் மத்தியானம் சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர் வந்தார். அக்குளில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் நீலப் பட்டுச் சேலை. முழங்காலுக்கு நேராக வரும் இடத்தில் விரலை வைத்து, "சும்மா அழகுக்கு, இங்க ஒரு ரோசாப்பூ" என்றார். முழங்காலில் யாரய்யா அழகுக்கு ரோஜா வைப்பார்கள்? விரலை எடுக்கச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து கருகியிருந்தது. சம்சாரம் தைப்பிங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாராம். இவர் தன் சட்டைக்கு இஸ்திரி போட, அடியில் விரிக்க ஒன்றும் கிடைக்காமல் அலமாரியில் மெத்தென்று இருந்ததை எடுத்து விரித்திருக்கிறார். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவமாக இருந்தது, நல்ல பெரிய ரோஜாவாகப் பார்த்து ஒட்டிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அதே நீலச் சேலையோடு ஓர் அம்மாள் வந்து நின்றார். நான் முக்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் முதல் அடி வாங்குவது நம்மைப் போன்றவர்கள்தானே! அந்த அம்மாள் சேலையை விரித்து, எட்டிப் பார்த்த ராவுத்தருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு வச்சிடுங்கண்ணே, ஒத்தைப் பூவா இருந்தா ஓட்டைன்னு தெரியுதுல்ல. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் கண்டுபிடிக்கலைன்னு சந்தோசமா இருக்காரு."

கல்யாணப் பை

பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் ஒரு மலாய்க்காரம்மா இருந்தார். ராவுத்தர் கடையில் பேசிப் பேசியே அரைத் தமிழ் கற்றுக்கொண்டவர். மகள் கல்யாணத்துக்காக வெல்வெட் பை ஒன்றைக் கொடுத்து, "நல்ல பூவா நீயே பார்த்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். நீயே பார்த்து வை என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். எனக்கு அன்று அந்தப் புத்தி இல்லை. எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஒரு மரம் உண்டு, வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாய்ப் பூக்கும். அந்தப் பூவை இழை இழையாகத் தைத்து ஒட்டினேன். அதைவிட நன்றாக நான் எதுவும் தைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வந்தார், பையைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த ராவுத்தர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பூவுக்கு இந்த ஊரில் கெம்போஜா என்று பேர். மலாய்க்காரர்கள் அந்த மரத்தை வைப்பது குபோரில், அதாவது கல்லறையில். எல்லாவற்றையும் பிரித்து மல்லிகை வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் எந்தப் பூ, எதற்குப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்காமல் ஊசியில் நூல் கோப்பதில்லை. பையைத் திருப்பி என் மடியில் போட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என் பொண்ணு கல்யாணத்துக்குப் போறா லா, குபோருக்குப் போகல!"

எலி கடித்த பை

அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஒரு தாயும் மகளும் ஃபெரி ஏறி வந்தார்கள். தாய் காமாட்சியம்மாள். மகள் பாக்கியம். கோயிலுக்குக் கொண்டுபோகும் துணிப்பையை நீட்டி, "வெல்லம் வச்சிருந்தேன், எலி கடிச்சிடுச்சு" என்று காமாட்சியம்மாள் நேராகவே சொன்னார். ஓட்டையை ஓட்டை என்று சொன்ன முதல் வாடிக்கைக்காரர் அவர்தான். எழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

நான் தைத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் என் தகரப் பெட்டியில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற ஆளை அந்த அஞ்சடியில் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்தது என்றால், அன்று ராத்திரி, நான் கூட இருந்த என் அக்கா போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்த அளவுக்குப் பிடித்தது. அண்ணே என்று கூப்பிட்டது மட்டும்தான் பிடிக்கவில்லை. "இதெல்லாம் யாருண்ணே வாங்குறா?" என்று கேட்டாள். பூவுக்காக யாரும் வருவதில்லை, ஓட்டைக்காகத்தான் வருகிறார்கள் என்று இந்தக் கதையின் முதல் வரியை அவளிடம் அளந்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப ஓட்டையே இல்லாதவங்களை எப்படிண்ணே வரவைப்பீங்க?"

அஞ்சடியில் மாப்பிள்ளை பார்த்தது

அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்குக் காமாட்சியம்மாளைக் கோயிலில் பழக்கம். போய்ப் பேசினாள். தாய்க்குச் சம்மதம். தகப்பனார் வேலாயுதம்தான் பாக்கி. அவர் பிறை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. குரல் கொடுத்தால் கப்பலே கொஞ்சம் தள்ளி நிற்கும் என்பார்கள். பையனை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். நல்ல நாள் பார்த்து வீட்டுக்கு வருவார் என்று அக்கா புதுப் பாய் வாங்கி வைத்தாள்.

மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கே வந்துவிட்டார். வருகிற நேரமா அது? என் மடியில், நோன்யா என்று கூப்பிடும் உள்ளூர்ச் சீனத்து அம்மாள் ஒருவரின் ரோஸ் நிறக் கைப்பை, வாயில் ஊசி, மீசையில் ஒரு பட்டுநூல். சுற்றிலும் இதழ் இதழாய் வெட்டுத்துணி. எழுந்து கும்பிட்டேன், பை உருண்டு அவர் காலடியில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வந்து சரக்குக் கிட்டங்கியில் மூட்டை எண்ணு, துரையிடம் நான் சொல்கிறேன், தைப்பூசத்துக்குள் இந்த வேலையை விட்டால் பெண் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பையை முக்காலியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கோவிச்சுக்காதே தம்பி, இதுல ஆம்பளை செய்யுற வேலை எது?"

நோன்யாவின் பூ

அந்த ரோஸ் பை நோன்யாவிடம் ஒரு பழக்கம். பல வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரே ஒரு பியோனிப் பூ வாங்கினார். அவர் போடும் கெபாயாச் சட்டை பழசானால் பூவைப் பிரித்து வேறு கெபாயாவில் வைக்கச் சொல்வார், அதுவும் பழசானால் பையில். பூவுக்கு விலை ஒரு தடவைதானே, இப்போது எதற்கு என்று பேரம் பேசுவார். அந்த வாரம் வந்தபோது, வேலையை விடப்போகிறேன், கிட்டங்கிக்குப் போகிறேன் என்றேன். எனக்கு அந்தப் பெண் வேண்டும். இந்த ஊசியும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது? ஊசியை விடுவது என்று முடிவு செய்து அக்காவிடமும் சொல்லியிருந்தேன். நோன்யா மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மூட்டையை எண்ண யாருக்கும் தெரியும். என் பூவை யாரப்பா வீடு மாத்துவா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம்

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ராவுத்தர் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போவார். தெருவில் பாதிக் கடை சாத்தியிருக்கும். அஞ்சடியில் நானும் பூனைகளும்தான். தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வாசலில் ஒருவர் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தால் வேலாயுத மண்டோர். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கோயிலில் மரியாதையாகக் கொடுத்த மஞ்சள் பட்டுத் துண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது அவருக்குப் பெரிய பெருமை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "மூலையில ஒரு பூ வச்சா எடுப்பா இருக்கும்னு தோணிச்சு" என்றார்.

விரித்தேன். இஸ்திரிப் பெட்டி மூக்கு. கிராணி சேலையில் பார்த்த அதே மூக்கு. ஆனால் இவ்வளவு சரியான இடத்தில் கருகிய துணியை நான் கண்டதில்லை. இரண்டு கரையும் சேரும் மூலையில், வேண்டுமென்றே அளந்து வைத்ததுபோல இருந்தது. 'இதுல ஆம்பளை செய்யுற வேலை எது?' என்று திருப்பிக் கேட்க நாக்கு பல் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. விழுங்கிவிட்டு, "முருகன் முன்னால போட்டுக்கிட்டு நிக்கிறது, எந்தப் பூங்க?" என்று கேட்டேன். செவ்வரளி என்றார். மறு மூலையிலும் ஒன்று வைக்கிறேன் என்றேன். எதற்கு இரண்டு என்றார். ஒத்தையாக இருந்தால் ஓட்டை தெரியும் என்று சொல்லலாமா? எடுப்பாக இருக்கும் என்றேன். தொழுகை முடிந்து ஆட்கள் தெருவுக்கு வருவதற்குள் கடைசித் தையலைப் போட்டுவிட்டேன். பொட்டலத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்டோர் சொன்னார்: "நான் இங்க வந்ததை யாருகிட்டயும் மூச்சு விடாதே, உன் அக்காகிட்டகூட."

தண்ணீர்ப்பந்தல்

தைப்பூசத்தன்று தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போகிற பாதையில் அக்காவோடு நடந்தேன். மறுநாள் கிட்டங்கியில் சேர வேண்டும். தகரப் பெட்டியைக்கூட ராவுத்தரிடம் ஒப்படைத்தாயிற்று. பாகான் டாலாம்காரர்கள் பந்தலில் மண்டோர் முன்னால் நின்றார். துண்டின் இரண்டு முனையும் நெஞ்சில் தொங்கும்படி போட்டிருந்தார், இரண்டு செவ்வரளியும் பளிச்சென்று தெரிந்தன. பந்தலுக்குள் பாக்கியம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அப்போது பக்கத்துப் பந்தல் பெருமாள் மண்டோர் வந்து, "என்ன வேலாயுதம், துண்டுல பூவெல்லாம்? வீட்டுக்காரி துண்டை மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டியா?" என்று உரக்கச் சிரித்தார். என் கல்யாணம் அந்த இடத்திலேயே செத்தது என்று நினைத்தேன். வேலாயுத மண்டோர் முகம் சுண்டிவிட்டது. நல்லவேளை, மோர் குடிக்க நின்ற வயதான செட்டியார் ஒருவர் பூவை விரலால் தடவிப் பார்த்து, பின்பக்கம் திருப்பியும் பார்த்து, "அடடா, யாரு கைவேலை இது? எனக்கும் சொல்லும் ஐயா" என்றார். மண்டோர் பெருமாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: "எங்க வீட்டு மாப்பிள்ளை கைவேலைங்க செட்டியாரே! நம்ம பேரைச் சொல்லுங்க, சீக்கிரமா முடிச்சுக் குடுப்பாப்ல."

அக்கா கையிலிருந்த மோர் என் வேட்டியில் கொட்டியது.

சரியான இடம்

கிட்டங்கி வேலைக்கு ஆள் வேண்டாம் என்று மண்டோரே துரையிடம் சொல்லிவிட்டார். ராவுத்தர் தகரப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணம் நடந்தது. ஒருநாள் பாக்கியம் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கதை அளந்துகொண்டிருந்தேன். உன் அப்பா துண்டில் விழுந்த மாதிரி அவ்வளவு பொருத்தமான இடத்தில் ஓர் ஓட்டை என் அனுபவத்திலேயே விழுந்ததில்லை, என் அதிர்ஷ்டம் என்றேன்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதிர்ஷ்டமா? பூ வச்சா எங்க நல்லா இருக்கும்னு பார்த்துப் பார்த்துப் பெட்டியை வச்சவ நான். அப்பா அன்னிக்குப் பேசின பேச்சுக்கு ரெண்டு நாள் அழுதேன், அவருகிட்டயே குடுத்தா பூ வச்சு மறைச்சிடுவாருன்னு அம்மாவை விட்டுச் சொல்லவச்சேன். ஓட்டையே இல்லாதவங்களை எப்படி வரவைக்கிறதுன்னு அப்பவே உங்களைக் கேட்டேன், உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இஸ்திரி போடுவது நான்தான்.