ஓடாம, கத்தாம ஒரு சீசன்

பட்டாசுக் கம்பெனில மேனேஜர்னா ஓடக்கூடாது, கத்தக்கூடாது, செல்போன கேட்லயே குடுத்துட்டு வந்துரணும். ஆனா லோடு மட்டும் நேத்தே ஏறியிருக்கணும்.

ஆள வச்சு வேலை வாங்குற என்னய மாதிரி பாவப்பட்டவுகளுக்குத்தான் இத எழுதுறேன். இதுக்கு முன்னாடி விருதுநகர்ல ஒரு மொளகா வத்தல் மண்டில இருந்தேன். அங்கன தொண்டைதான் மூலதனம். எனக்கோ ஒரு எடத்துல உக்கார வராது. யாரப் பாத்தாலும் அவுக மாதிரியே பேசிக்காட்டுற வியாதி வேற. சிவகாசிக்கு வந்த அன்னைக்கு மொதலாளி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "தீபாவளி சீசன் முடியுறவரைக்கும் நம்ம ஆளுக வேற கம்பெனிக்குப் போயிரக்கூடாது. போனா, பின்னாலயே நீங்களும் போயிரலாம்." சீசன் நேரத்துல இங்க ஆளுக்குத்தான் அடிபுடி. அடுத்த கம்பெனி வேன் நம்ம ரோட்டுலயே வந்து நின்னு, கூடத் தாரோம் வாங்கன்னு கூப்புடும்.

மொத அதட்டு

வந்த புதுசு. எங்க கம்பெனில ரூமெல்லாம் சின்னச் சின்னதா, தள்ளித் தள்ளி இருக்கும். ஒருத்தரு தள்ளுவண்டில தப்பான பெட்டிய ஏத்திக்கிட்டுப் போறாரு. மண்டிப் பழக்கத்துல, "ஏய்! நில்லு! நில்லுங்குறேன்ல!"ன்னு ஒரு சத்தம் விட்டேன்.

அவரு நின்னுட்டாரு. மத்தவுக நிக்கல. ஒவ்வொரு ரூம் கதவும் படார் படார்னு தெறக்குது. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் தூரத்துப் பொட்டல்ல போய் நிக்கிறாக. பட்டாசுக் கம்பெனில யாராச்சும் கத்துனா அதுக்கு ஒரே அர்த்தந்தான்னு எனக்கு அப்பத்தான் ஒறச்சுது. திரி வைக்கிற சண்முகத்தாயி அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே என்னய மேலயும் கீழயும் பாத்தாக. "அண்ணாச்சி, எங்கள வேலைய விட்டு நிறுத்தணும்னா வாயால சொல்லுங்க, போயிருதோம். இப்படி உசுர நிறுத்திப்புடாதீக."

மொதலாளி குரல்

கத்தக்கூடாதுன்னா என்ன, நமக்குத்தான் வேற குரல் இருக்கேன்னு நெனச்சேன். எங்க மொதலாளி வாயத் தெறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கனைப்பாரு. அப்புறம் மூக்கால, "பாருங்கப்பா..."ன்னு ஒரு இழுப்பு. அந்த இழுப்பக் கேட்டாலே பாதிப் பேரு எந்திரிச்சு நின்னுருவாக.

ஞாயித்துக்கெழமையும் வேலைக்கு வரணும்னு ஆளுககிட்டச் சொல்ல வேண்டியிருந்துச்சு. யாரு வாங்கிக்கட்டிக்கிறது? கனைச்சேன், இழுத்தேன், மொதலாளி குரல்லயே சொல்லி முடிச்சுட்டேன். கொல்லுனு சிரிப்பு. காரியம் முடிஞ்சுதுன்னு கைய ஒதறிக்கிட்டுக் கெளம்புனேன். போர்மேன் மாடசாமி, சிரிச்ச கண்ணத் தொடச்சுக்கிட்டே பின்னால வந்தாரு. "அது மொதலாளி சொன்னது, சரி. வரணுமா வேண்டாமான்னு நீங்க என்ன சொல்றீக?"

பாராட்டு, கொறை, பாராட்டு

மேனேஜருங்களுக்குப் பயிற்சின்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போனாக. வெயில் அந்தப் போடு போடுது, பாடம் எடுத்தவரு கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு. கொறை சொல்லணும்னா மொதல்ல ஒரு பாராட்டு, நடுவுல கொறை, கடைசில இன்னொரு பாராட்டு. அப்பத்தான் மனசு நோகாதுன்னாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

மறுநாளே சண்முகத்தாயி அக்காகிட்டப் போனேன். அவுக வைக்கிற திரி குட்டையா இருந்துச்சு. திரி குட்டைன்னா பத்தவைக்கிறவன் வெலகுறதுக்குள்ள வெடிச்சுரும். "அக்கா, ஒங்க கை வேகத்துக்கு இந்தப் பக்கத்துல ஆளே இல்ல. திரி மட்டும் லேசாக் குட்டையோன்னு ஒரு நெனப்பு. ஆனா நீங்க அடுக்குற அழகே தனி!" சாயங்காலம் போய்ப் பாத்தா அதே குட்டைத் திரி, முன்னவிட வேகமா, முன்னவிட அழகா அடுக்கியிருக்காக. அம்புட்டையும் கழிச்சு ஒதுக்க வேண்டியதாப் போச்சு. சொன்னேன்ல அக்கான்னு கேட்டேன். "நல்லாருக்குன்னு ரெண்டு தடவ தெளிவாச் சொன்னீக, நடுவுல என்னமோ தொண்டை கட்டுன மாதிரி மொனகுனீக. நான் எத எடுத்துக்கிட?"

அவசரமே இல்ல

சீசன் முத்துச்சு. ஆபீஸ் லேண்ட்லைன்ல மொதலாளி, "லோடு என்னாச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்தத் தொழில்ல ஆளுக கை பதறக்கூடாது. அதனால ரூம் ரூமாப் போய், "மெதுவாப் பாருங்க, அவசரமே இல்ல"ன்னு தணிவாச் சொன்னேன். ஆபீசுக்குப் போவேன், இருப்புக்கொள்ளாது, திரும்பி வருவேன், "அவசரமே இல்ல"ம்பேன். மத்தியானத்துக்குள்ள எல்லார் கையும் பறக்குது. மாடசாமி என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் கேட் பக்கத்துப் பெஞ்சுல உக்காரவச்சாரு. "அவசரமில்லன்னு இம்புட்டு அவசரமா வந்து சொன்னா யாரு நம்புவாக? செத்த நேரம் இங்கனயே இருங்க அண்ணாச்சி, அவுகளாப் பாத்துக்கிடுவாக."

மின்னல்

ஒரு பெரிய பார்ட்டிக்குக் கடைசி லோடு. லாரி கேட்ல நிக்குது. ஆனைக்குட்டம் பக்கம் கறுத்துக்கிட்டு வந்து, பளிச்னு ஒரு வெட்டு. மின்னுனா வேலைய நிறுத்தி ஆளுகள வெளியேத்தணும், அது சட்டம். ஆபீஸ் போன் அடிச்சுது. ரெண்டு கனைப்பு. "பாருங்கப்பா, அது எங்கயோ மின்னுது. ஒரு அரைமணி ஓட்டுங்க. இன்னைக்கு லோடு போகலன்னா பார்ட்டி ஆர்டரக் கேன்சல் பண்ணிருவான்."

போன வச்சேன். நடந்தேன். ஓடச் சொல்லி காலு கெஞ்சுது, விடல. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நின்னு, "மின்னுது. கைய எடுத்துருங்க. மெதுவா வெளிய வாங்க. நாந்தான் சொல்றேன்"னேன். வந்துட்டாக. திரும்பிப் போய் மொதலாளிக்கும் அதையே சொன்னேன். இந்தத் தடவ கனைப்பெல்லாம் இல்ல, நேரா வசவுதான். அப்புறமா என்னென்னமோ வந்துச்சு. இடி எங்கயும் விழல, மழையும் ஒழுங்காப் பெய்யல. ஒரு பனமரத்துலயாச்சும் விழுந்திருந்தா எனக்கொரு சாட்சி இருந்திருக்கும். லாரி பாதி லோடோட கெளம்புச்சு. கடைசியா மொதலாளி சொன்னது: "நாளைக்குக் காலையில நான் வாரேன். ஆளுக எல்லாம் வந்திருக்காகளான்னு பாத்துட்டு ஒங்களப் பத்திப் பேசிக்கிடுவோம்."

வேன்

ஆளுகளுக்குப் பீஸ் ரேட்டு, செஞ்ச கணக்குக்குத்தான் கூலி. பாதி நாள் கூலிய நான் கெடுத்துட்டேன். மறுநாள் காலையில மொதலாளியும் நானும் கேட்ல நிக்கிறோம். எதிர்த்தாப்புல விஸ்வநத்தம் ரோட்டுல அந்த அடுத்த கம்பெனி வேனும் நிக்குது. சண்முகத்தாயி அக்காவும் மத்தவுகளும் கூட்டமா வாராக. வேன்காரன் எறங்கிப் பேசுறான். நின்னுட்டாக. பேசுறாக. நான் தலைகள எண்ணிக்கிட்டே நிக்கிறேன்.

அப்புறம் ஒரு கூட்டமா இந்தப் பக்கம் திரும்புனாக. மொதலாளியே முன்னால போய், "என்னம்மா சொன்னான்?"னாரு. சண்முகத்தாயி அக்கா தூக்குவாளிய மறுகைக்கு மாத்திக்கிட்டாக. "கூடத் தாரேன்னான். மேகம் கறுத்தா எங்களுக்கு முன்னாடி எங்க மேனேஜருக்குக் கால் வெடவெடங்கும், அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி ஒங்க கம்பெனில இருந்தாச் சொல்லு, வாரோம்னேன். இல்லையாம்."

மத்த ஊருல இதுக்குத் தலைமைப் பண்புன்னு பேராம். எங்க கம்பெனில பயந்தாங்கொள்ளிம்பாக, சம்பளம் என்னமோ ஒண்ணுதான்.