பல் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கிளினிக்கில் அது ஒன்றுதான் என் சொந்தப் பொருள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அது பதினோராவது வேலை. ஒரு சங்கம் நடத்திய இலவச கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் ஆள். முதல் அறை பல் டாக்டருக்கு. இரண்டாவது அறையில் புதன்கிழமைதோறும் ஒரு லேடி டாக்டர் பாப் ஸ்மியர் எடுப்பார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருகிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் டெஸ்ட். அந்த வாசலில் ஆறடி போர்டு. நோயின் பெயர் பெரிதாக, நன்கொடை கொடுத்த தலைவரின் பெயர் அதைவிடப் பெரிதாக. அதன் கீழிருந்த பெஞ்சில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். பல் டாக்டர் பெஞ்சில் மட்டும் இடமிருக்காது.

மேனேஜர் ரிப்போர்ட் எழுதினார்: "நம் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை. பல்லில் மட்டும் அக்கறை அதிகம்."

ஒரு புதன்கிழமை, காத்தோங்கிலிருந்து வரும் ரோசம்மாக்கா வாயில் பஞ்சோடு பல் அறையிலிருந்து வெளியே வந்து அழுதார்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"நல்ல பல்லு தம்பி. எந்தப் பல்லுன்னு கேட்டாரு. ஏதாவது ஒன்னைக் காட்டணுமேன்னு காட்டினேன், புடுங்கிட்டாரு."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அவர் போர்டைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த மாதாகோவில் பெண்களைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "மாசாமாசம் வர்றது நின்னு நாலு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி ரத்தம் போகுது. அந்த போர்டுக்குக் கீழ உக்காந்தா ஞாயித்துக்கிழமை பூசைக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும் லா."

மூன்று வாரமாக வந்து வந்து திரும்பியிருக்கிறார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து போர்டைக் கழற்றி ஸ்டோரில் வைத்தேன். "பல்லு, ஏழாம் நம்பர்!" என்று கத்தி அவரை இரண்டாவது அறைக்குள் விட்டேன். கதவைச் சாத்துவதற்குள் பெஞ்சிலிருந்து இன்னொரு அம்மா எழுந்தார்.

"தம்பி, எனக்கும் அந்தப் பல்லுதான்."

அவருக்குப் பின்னால் நாலு பேர்.

ரோசம்மாக்காவுக்கு நோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டார். பெண்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. இந்த டெஸ்டுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அடுத்தவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த வேலையில் நான் கற்றது இது.

தலைவர் படம் எடுத்துக்கொள்ள வந்த அன்று வாசலில் போர்டு இல்லை.

"டெஸ்டுக்கு உள்ள பதினாலு பேர் இருக்காங்க சார்," என்றேன்.

"இருந்தா என்ன? போர்டு இல்லாம எப்படிய்யா படம் எடுக்கிறது? கிளம்பு!" என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை உட்லண்ட்ஸில் ஒரு மரப்பட்டறைக்குப் போனேன். பழைய வேலை ஏன் போனது என்று சூப்பர்வைசர் காதர் பாய் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கிளார்க்கை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த டெஸ்ட் வலிக்குமாப்பா? கூட்டாளி ஒருத்தன் சம்சாரத்துக்குக் கேக்கிறேன்."

"பல்லு புடுங்குற அளவுக்கு இல்ல பாய். புதன்கிழமை, பத்து மணிக்கு."

அப்போதே பலகை அடுக்கும் வேலை கொடுத்தார். புதன்கிழமை அவர் லீவு.