ஃபென்னா நிறுத்திய சந்தா

நூற்று எண்பத்தேழு யூரோ இருபது சென்ட். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஆலையில் இயந்திரம் ஓட்டும் ஹெம்மோ தன் தொழிற்சங்கத்துக்கு வருஷத்துக்குக் கட்டிவந்த சந்தா இதுதான். மாதத்துக்குப் பதினைந்து அறுபது. இருபத்திரண்டு வருஷம் கட்டினான். அதன்பிறகு கட்டவில்லை. கட்டவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது.

தெரிந்தவள் அவன் மனைவி ஃபென்னா. நிறுத்தியவளே அவள்தான்.

அவளைக் கஞ்சப் பிறவி என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர்களுக்காவது காசைத் தடவிப் பார்க்கிற சுகம் உண்டு. ஃபென்னாவிடம் தடவிப் பார்க்கக் காசு தங்கியதே இல்லை. வந்த காசு வந்த வழியே பேங்க்குக்குப் போனது.

வின்ஸ்கோட்டன் என்கிற சின்ன ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில், வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. அவர்களுடையது என்று ஊர் சொல்லும். ஃபென்னா சொல்லமாட்டாள். "சமையலறை நம்மளது. மாடிப்படி பாதி வரைக்கும் நம்மளது. அதுக்கு மேல பேங்க்கோடது" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

அவளுக்குப் பதினோரு வயதில் அவள் அப்பன் வீடு ஏலம் போனது. வட்டி ஏறின வருஷம் அது. கட்டில், அலமாரி, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் நடைபாதையில் கிடந்தன. இந்தப் பக்கத்தில் யாரும் ஜன்னலுக்குத் திரை இழுப்பதில்லை. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்கிற பெருமை. அன்றைக்கு மட்டும் எதிர்ச்சாரி முழுக்கத் திரை இழுத்திருந்தார்கள். மரியாதைக்குத்தான் இழுத்தார்கள். ஃபென்னா அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அவள் வாயைக் கட்டினாள், வயிற்றைக் கட்டினாள். காப்பிக்கு ஒரு பிஸ்கட். எடுத்த கையோடு டப்பா மூடப்படும். விருந்தாளிக்கும் அதே ஒன்றுதான். குளிக்க நாலு நிமிஷம். முட்டை வேகவைக்கிற மணி குளியலறைக் கதவில் தொங்கியது. ஜனவரியிலும் வீட்டுக்குள் பதினாறு டிகிரி. குளிர்கிறது என்று மகள் இல்சே சொன்னால் "ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு?" என்பாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழிப்பாள். தயிர் பாட்டிலை நீளக் கரண்டியால் சுரண்டாமல் எறிந்தது கிடையாது. அறுவடை இயந்திரம் போனபிறகு வயலில் தப்பிக் கிடக்கிற உருளைக்கிழங்கைப் பொறுக்க அக்டோபர் மாதம் மூன்று பேரும் சைக்கிளில் போவார்கள். பள்ளிக்கூடம் இரண்டில் அவள் தரை துடைத்தாள். அந்தச் சம்பளத்தை அந்த வீடு பார்த்ததே இல்லை.

வீட்டுக் கடன் அசலில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் வருஷத்தில் கூடுதலாகக் கட்டலாம், அபராதம் கிடையாது. டிசம்பர் கடைசி வாரம் ஃபென்னா கணக்கில் இருப்பதை வழித்துக் கட்டிவிடுவாள். மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ். அவளுக்கு அது.

இப்படி எல்லாவற்றையும் சுரண்டி முடித்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேங்க் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குத்தினாள். பென்சில் சந்தாவில் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் சங்கம் என்ன செய்தது? ஒரு காலண்டர் கொடுத்தது. ஹெம்மோ பேரில் ஒரு கடிதம் எழுதி, ஹெம்மோ மாதிரியே கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினாள்.

காலண்டர் கொடுத்ததை அவள் பார்த்தாள். எட்டு மணி நேர ஷிஃப்ட், ராத்திரிப் படி, கை நசுங்கினவனுக்குக் கிடைத்த ஈட்டுத்தொகை, இதெல்லாம் யார் கொடுத்தது என்று யோசிக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி அது பாட்டுக்கு வருகிறது என்று நினைத்தாள். அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பாதி ஊர் அப்படித்தான் நினைத்தது.

ஹெம்மோ ஒரே ஒரு தடவை கேட்டான்.

"சங்கத்துப் பத்திரிகை வர்றதில்லையே?"

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் போடறாங்களாம். பேப்பருக்குக் காசு ஆவுதில்ல?"

"அட்டை செய்யறவனுக்கே பேப்பர் இல்லையா? நல்லா இருக்கு!" என்று சிரித்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனான். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. கணக்கு வழக்கு எல்லாம் ஃபென்னாவிடம் விட்டவன். வீட்டுக்கு வரும் உறையைப் பிரித்ததே இல்லை.

இரண்டு வருஷம் ஓடியது. 2010 பிப்ரவரியில் முதலாளி ராத்திரிப் படியை வெட்டப்போவதாக அறிவித்தான். சம்பள உயர்வும் இல்லை என்றான். இருநூற்று நாற்பது பேர் வெளியே வந்தார்கள். ஹெம்மோ முதல் வரிசையில் வந்தான்.

வேலைநிறுத்தம் என்றால் காலை எட்டு மணிக்கு ஆலைக்கு எதிரே இருக்கிற காப்பிக்கடைப் பின்கட்டில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவனுக்குச் சங்க நிதியிலிருந்து நாளைக்கு நாற்பத்தைந்து யூரோ. சந்தா கட்டினவனுக்கு மட்டும்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஹெம்மோ திரும்பி வந்துவிட்டான். ஃபென்னா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரே இல்லங்கறான்! நேத்து மொளச்ச பய, மேசையில உக்காந்துகிட்டு என்கிட்டயே கேக்கறான், 'நீங்க மெம்பரா'ன்னு! இருபத்திநாலு வருஷமாடா, நீ டயப்பர் கட்டிகிட்டு இருந்தப்பவே மெம்பர்டான்னேன். எல்லாரும் பாத்துகிட்டு இருக்காங்க. நான் கத்தறேன்."

ஃபென்னா துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கொளறுபடி" என்றான் அவனே. "எல்ட்யோ பாத்துச் சொல்றேன்னான்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

மறுநாள் எல்ட்யோவே வந்தான். ஆலைக்குள் சங்கத்துக்கு அவன்தான் எல்லாம். ஹெம்மோவுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். கொல்லைப்புறக் கதவு வழியாக வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து விரித்தான்.

"டேய், இது உன் கையெழுத்தா?"

ஹெம்மோ குனிந்து பார்த்தான். பேர் அவனுடையது. இடது பக்கம் சாய்ந்த எழுத்து அவனுடையது அல்ல. அந்தச் சாய்வை அவன் தினமும் பார்க்கிறான், கடைக்குப் போகிற சீட்டில். நிமிர்ந்து மனைவியைப் பார்க்கவில்லை.

"ஆமா. நான்தான் போட்டேன்."

"நீயா? போன மாசம் கூட்டத்துல முன்னாடி உக்காந்து முதல் ஆளா கை தூக்கினியே, அது யாரு? உன் தம்பியா?"

"மறந்துட்டேன்."

எல்ட்யோ ஃபென்னாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"சரி விடு. யாரு எழுதினா என்ன. இப்ப புதுசா சேந்தாலும் ஆறு மாசத்துக்கு நிதி கெடையாது. சட்டம் அது, நான் போட்டது இல்ல. ஆனா பசங்ககிட்ட பேசிட்டேன். தெனம் தொப்பி சுத்தி வரும். தலைக்கு இருபது காசு போட்டாலும் உனக்கு நாப்பத்தஞ்சு ஆயிரும். கடைசி நாள் வரைக்கும்."

ஹெம்மோ வாய் திறப்பதற்குள் ஃபென்னா பேசினாள்.

"அதெல்லாம் வேணாம்."

"ஏம்மா?"

"எப்பத் திருப்பிக் குடுக்கறது?"

"யாரு கேட்டா?"

"கேக்காத கடன்தான் எல்ட்யோ கெட்ட கடன். கேக்கற கடன்னா கட்டிட்டு நிமிந்து நடக்கலாம். இது சாகற வரைக்கும் ஒவ்வொருத்தனும் கடைத்தெருவுல என்னைப் பாத்து மனசுக்குள்ள நெனச்சுப்பான். இவ சோத்துல என்னோட இருபது காசு இருக்குன்னு."

"பேங்க்குக்கு எவ்ளோ பாக்கி?"

"எழுபத்தோராயிரம்."

"அது கடன் இல்லையா?"

"அது வீடு."

எல்ட்யோ ஹெம்மோவைப் பார்த்தான். ஹெம்மோ மேசையைப் பார்த்தான். காப்பி ஆறிப்போயிருந்தது. எல்ட்யோ எழுந்து, "யோசிச்சு வைங்க. தொப்பி நாளைக்கும் சுத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேங்க்குக்கு எழுபத்தோராயிரம் வைத்திருப்பது கௌரவம். கூட வேலை செய்கிறவனிடம் இருபது காசு வாங்குவது அவமானம். இதை நம் ஜனங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஃபென்னா பேங்க்குக்குப் போனாள். கணக்கில் முன்னூற்றுப் பன்னிரண்டு யூரோ இருந்தது. இருபத்தெட்டாம் தேதி தவணை ஐந்நூற்று நாற்பது. ஆனால் டிசம்பரில்தானே ஆறாயிரம் கட்டினாள்? தவணைக்கு மேலே, யாரும் கேட்காமல், தானாகக் கட்டின ஆறாயிரம். அதில் ஓராயிரம் திருப்பித் தந்தால் போதும்.

கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பையன் நல்ல மாதிரி. காப்பி வேண்டுமா என்று கேட்டான்.

"அது வீட்டுக்குள்ள போயிருச்சு மேடம். செங்கல்லுக்குள்ள போன பணம் திரும்ப வராது. வேணும்னா புதுக் கடனுக்கு எழுதலாம். உங்க வீட்டுக்காரரோட சம்பளச் சான்று கொண்டு வாங்க."

"அவரு ஸ்ட்ரைக்ல இருக்காரு."

"அப்ப இப்போதைக்கு வருமானம் இல்லன்னுதான் அர்த்தம்."

"பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் தவறுனது இல்ல தம்பி. அதுக்கு மேலயும் கட்டியிருக்கேன்."

"அதுக்கு ரொம்ப நன்றி மேடம்" என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான்.

ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்? ஒரு கடிதம் வரும். இரண்டாவது தவறினால் இன்னொரு கடிதம், கொஞ்சம் தடித்த எழுத்தில். இதற்காக யாரும் யார் கட்டிலையும் அடுத்த வாரமே நடைபாதையில் போடுவதில்லை. இதை எல்ட்யோவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். பேங்க் பையனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. அவளுக்கு முதல் கடிதமும் ஏலமும் ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குப் போயிரு."

"எங்க?"

"வேலைக்கு."

"கருங்காலின்னு சொல்வாங்க ஃபென்னா" என்றான்.

"சொல்லட்டும். சொல்லுக்கு வட்டி கெடையாது."

"தொப்பிக் காச வாங்கியிருக்கலாம்."

"வாங்கியிருந்தா நீ பிச்சைக்காரன்."

"இப்ப?"

அவள் கிழங்கை உரித்தாள். தோலை மெல்லிசாக, ஒளி தெரிகிற மாதிரி உரித்தாள்.

காலையில் அவன் சைக்கிளை எடுத்தான். ஃபென்னாவும் பின்னாலேயே போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். வழி அது அல்ல. பாலத்து முனையில் நின்று பார்த்தாள். ஆலை வாசலில் டின்னுக்குள் விறகு எரிந்தது. ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஹெம்மோ இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். யாரும் அடிக்கவில்லை, துப்பவில்லை.

"வழி விடுங்கப்பா, வழி விடுங்க!" எல்ட்யோவின் குரல் பாலம் வரைக்கும் கேட்டது. "பேங்க்குக்குச் சம்பாதிக்கப் போறாரு!"

சிரித்தார்கள். கல்லெறிந்திருந்தால்கூடத் தேவலை. ஹெம்மோ சிரிப்புக்கு நடுவே போனான். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவன் வீட்டுப் பிறந்தநாட்களில் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்து அந்த ஒரு பிஸ்கட்டைத் தின்றவர்கள்.

வேலைநிறுத்தம் முப்பத்தொரு நாள் நடந்தது. உள்ளே போனவர்கள் பதினோரு பேர். நிர்வாகம் அவர்களை மறக்கவில்லை. விசுவாசத்துக்கு ஆளுக்கு இருபத்தைந்து யூரோவுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட் கூப்பன். ஃபென்னா அதைக் காப்பித்தூளுக்கும் சலவைத்தூளுக்கும் மாற்றினாள். அந்தக் காப்பியை ஹெம்மோ குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் முதலாளி இறங்கி வந்தான். ராத்திரிப் படியில் கை வைப்பதில்லை. சம்பளம் இரண்டே முக்கால் சதவீதம் உயர்வு. எல்லாருக்கும். வெளியே குளிரில் நின்றவனுக்கும் உள்ளே இயந்திரம் ஓட்டினவனுக்கும் ஒரே ஒப்பந்தம். மழை பெய்தால் எல்லார் கூரையிலும்தான் பெய்யும்.

சாப்பாட்டு அறையில் ஹெம்மோ உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சண்டை இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிட ஆரம்பித்தான். அதுவும் பழகவில்லை. டப்பாவில் ரொட்டி கட்டினபடியே வீட்டுக்கு வந்தது. ஃபென்னா அதை எறியவில்லை. ராத்திரி வறுத்து வைத்தாள்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தாவைத் தான்தான் நிறுத்தினதாக ஊரிலும் சொல்லிக்கொண்டான். அவன் கையை ஓங்கியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். பேசி, அழுது, தீர்ந்திருக்கும். அவன் அந்த வழியையும் அவளுக்கு விடவில்லை.

வீடு பிறகு அவர்களுடையதாக ஆனது. ஏழு வருஷம் கழித்து, கடைசி ஓடு வரைக்கும். பேங்க் வாழ்த்துக் கடிதம் அனுப்பியது. வாழ்த்தியது பேங்க் மட்டும்தான்.

ஆனால் சொல்ல வேண்டியது அது அல்ல. வேலைநிறுத்தம் முடிந்த அந்த ஏப்ரலில் புதுச் சம்பளச் சீட்டு வந்த நாள். உறையே பிரித்தறியாத ஹெம்மோ அன்றைக்கு அதைக் கிழித்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றான். சீட்டை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினான்.

"படி."

"என்னத்த?"

"ஏறியிருக்கில்ல, அத."

"உனக்குக் கண்ணு தெரியாதா?"

"கணக்கு நீதான பாக்கற. படி. அவங்க எனக்கும் சேத்து எவ்ளோ வாங்கியிருக்காங்கன்னு சத்தமாப் படி."

ஃபென்னா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

மாதத்துக்கு ஐம்பத்தொன்பது யூரோ தொண்ணூற்றைந்து சென்ட்.