மண்ணில் கிடைத்த தவளை

எழுபதுகளின் கடைசியில், வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையோரப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். பள்ளியைச் சுற்றிக் கம்பி வேலி போடுவதற்காக, கல்தூண் நடக் குழி தோண்ட ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். பங்குனி வெயில்.

ஒருநாள் காலை அந்தப் பெண் இரு கையிலும் மண்ணை ஏந்திக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். மண்ணுக்குள் எலுமிச்சம்பழம்போல உப்பிய ஒரு தவளை.

"முழங்கை ஆழத்துல இருந்துச்சு டீச்சர். புள்ளைங்களுக்குக் காட்டலாம்னு எடுத்தாந்தேன்."

தவளை குளத்தங்கரையில் வாழும் என்று அப்போதுதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். "காஞ்ச மண்ணுல தவளை இருக்குமா? ஏரியிலேர்ந்து புடிச்சுட்டு வந்து கதை சொல்றியா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

அவள் தவளையை வாசல் மணலில் விட்டாள். அது பின்னங்கால்களால் மண்ணை இருபக்கமும் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே உள்ளே இறங்கியது. முகம் மட்டும் எங்களைப் பார்த்தபடி இருந்தது. பிறகு கண்ணும் மறைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தவளையைத் தோண்டியெடுத்து, கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி அதில் விட்டேன்.

"தண்ணில வேணாம் டீச்சர். அதால ரொம்ப நேரம் நீந்த முடியாது. ஈர மண்ணுல வெச்சாப் போதும்."

"தவளைக்கு நீந்தத் தெரியாதா?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அது வயிறு மேலாக மிதந்தது. பிள்ளைகள் வருவதற்குள் குப்பைக்குழியில் கொட்டினேன். அவள் வந்து விசாரித்தபோது, விட்டுவிட்டேன் என்றேன்.

"எங்க வுட்டீங்க?"

வாய்க்கு வந்தபடி வேப்பமரத்தடியைக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

மத்தியானம் தலைமையாசிரியர் அவளைத் திட்டும் சத்தம் கேட்டு வெளியே போனேன். வேலிக்காகக் கட்டிய கயிறு வேப்பமரத்தடி வழியே போனது. அவளோ அதை விட்டு விலகி, கெட்டியான சரளையில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒரு உசுரு கீது சார். டீச்சரம்மா வுட்டிருக்காங்க. கடப்பாரை பட்டுடும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "சரி, போகட்டும்" என்று அவர் போய்விட்டார். அவள் உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கினாள். நான் வகுப்புக்குத் திரும்பினேன்.

மழைக்காலம் வந்ததும், மண்ணுக்குள் வெயிலைக் கழிக்கும் தவளைகளைப் பற்றி, எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த அதே பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஜாடியைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குள் அவர்கள் இருவரும் மறைமலை நகர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.